ரஸ்தாக்களின் ஊரில் ஆறு நாள்

நாள் 1, புதன், ஏப்ரல் 17: கிங்ஸ்டன்

விமானம் தரையைத் தொடும்போது இரண்டு பக்கமும் கடல்தான் தெரிந்தது. பாலிசடோஸ் என்ற ஒல்லியான மணல் திட்டின் மேல் இந்த விமான நிலையத்தைக் கட்டியிருக்கிறார்கள். கனடாவின் ஸ்கார்பரோவில் என்னோடு வேலை பார்க்கும் தோழி பத்து வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், "ஒரு தடவை எங்கள் ஊருக்கு வா" என்று. ஒருவழியாக இந்த ஏப்ரலில் இருவருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைத்தது.

எங்களை அழைத்துப் போக அவளுடைய தாய்மாமா வந்திருந்தார். வயது 76. இடுப்புக்குக் கீழ் இறங்கும் சடையைச் சுருட்டிப் பெரிய பின்னல் தொப்பிக்குள் வைத்திருந்தார். ஆன்ட்டி, அதாவது தோழியின் அம்மா, பெந்தெகொஸ்தே சபைக்காரர். அக்காள் சபையில், தம்பி ரஸ்தா, அதாவது எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசியைக் கடவுளாகப் போற்றும் ரஸ்தாஃபாரி மதத்தவர். இரண்டு வீடும் ஒரே முற்றத்தில்.

வண்டியில் ஏறியதும் மாமா ஓடுதளத்தைக் கைகாட்டினார். "1966 ஏப்ரல் 21. எனக்குப் பதினெட்டு வயது. அன்றைக்கு நான் அங்கே நின்றேன்." எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி ஜமைக்கா வந்த நாள் அது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டு, காவலை மீறி, விமானத்தையே சூழ்ந்துகொண்டார்கள். பேரரசர் வெகுநேரம் வெளியே வர முடியவில்லை. கடைசியில் மார்ட்டிமர் பிளானோ என்ற ரஸ்தா மூத்தவர் படியேறிப் போய்ப் பேசி, கூட்டத்தை அமைதிப்படுத்தி, வழி செய்தார். "காலையிலிருந்து மழை. விமானம் தெரிந்ததும் நின்றுவிட்டது" என்றார் மாமா. இந்த ஊரில் அந்த மழையைப் பற்றிச் சொல்லாதவர்கள் இல்லையாம்.

அந்த நாளைத்தான் ரஸ்தாக்கள் கிரௌனேஷன் என்று கொண்டாடுகிறார்கள். நாங்கள் வந்ததும் அதற்காகத்தான். ரஸ்தா என்றால் சடை, புகை, பாப் மார்லி படம் போட்ட டி-ஷர்ட், இவ்வளவுதான் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

1930 நவம்பர் 2 அன்று ராஸ் தஃபாரி என்ற இளவரசர் ஹைலி செலாசி என்ற பெயரில் அடிஸ் அபாபாவில் முடிசூடினார். அவருடைய பட்டங்களில் ஒன்று 'யூதா கோத்திரத்துச் சிங்கம்'. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, கரும்புத் தோட்டங்களும் பைபிளும் மட்டுமே தெரிந்த ஜமைக்காவின் ஏழைகள் அந்தச் செய்தியைப் படித்தபோது அவர்கள் மனத்தில் இதே சிங்கத்தைச் சொல்லும் பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தின் ஐந்தாம் அதிகாரம்தான் வந்தது. ஆப்பிரிக்காவைப் பாருங்கள் என்று ஜமைக்காவின் கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வி அதற்கு முன்பே அவர்களிடம் பேசியிருந்தார். செலாசி தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அவர் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். பேரரசர் எத்தியோப்பியாவில் இருந்தார் என்றாலும் இந்த மதம் பிறந்த மண் ஜமைக்காதான்.

நாள் 2, வியாழன்: முற்றம்

காலையில் மாமாவின் அடுப்பங்கரைக்குப் போனேன். ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். பெயர் கலலூ. கையில் எடுத்துப் பார்த்தேன், நம்ம தண்டுக்கீரை இனம்! பக்கத்துக் கூடையில் சேப்பங்கிழங்கு, சீமைப்பலா, உரித்த துவரை. கூடையைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. அத்தனையும் என் பாட்டியின் கொல்லையில் இருந்தவை.

ரஸ்தாக்களின் உணவுக்கு ஐட்டல் என்று பெயர். 'உயிர்ப்புள்ள' என்ற பொருளில் வரும் வைட்டல் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு, 'நான்' என்று பொருள்படும் 'ஐ' என்ற ஆங்கில ஒலியை அங்கே வைத்திருக்கிறார்கள். பன்றி இல்லை, டின் உணவு இல்லை. மாமாவைப் போலக் கடுமையாக இருப்பவர்கள் இறைச்சியைத் தொடுவதில்லை, உப்பும் சேர்ப்பதில்லை. தேங்காய்ப்பால், தைம், வெங்காயத்தாள், முழுசாக மிதக்கவிட்ட ஒரு ஸ்காட்ச் பானெட் மிளகாய். மிளகாய் வெடித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கைப்பக்குவம்.

உப்பு ஏன் வேண்டாம் என்று கேட்டேன். பைபிளில் இருந்து வசனம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்குத் தோட்ட முதலாளிகள் கொடுத்தது உப்புக் கருவாடு. உப்புச் சாப்பிடாதவர்கள் உடம்பு லேசாகி, பறந்து ஆப்பிரிக்காவுக்கே திரும்பிவிடுவார்கள், உப்புச் சாப்பிட்டவர்கள் கனத்துப்போய் இங்கேயே கிடப்பார்கள் என்று இந்தத் தீவின் பழைய ஆட்கள் நம்பினார்கள். குமினா சடங்கு செய்யும் கொங்கோ வழிவந்த குடும்பங்களில் இந்தக் கதை இன்றைக்கும் உண்டு. "எங்கள் பாட்டி ரஸ்தா இல்லை. ஆனால் இதை அவள்தான் சொன்னாள்" என்றார். ரஸ்தாக்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே உப்பில்லாத சட்டி இந்த ஊரில் ஏறியிருந்தது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

சாப்பாட்டைக் காய்ந்த சுரைக்குடுவை போன்ற ஓட்டில் போட்டுத் தந்தார். அது இங்கே வளரும் ஒரு மரத்தின் காய். நம்மூரில் திருவோட்டு மரம் என்கிறோமே, அதேதான். அமெரிக்கக் கண்டத்து மரம் நம்மூருக்கு வந்து ஆண்டிகள் கைக்குப் போயிற்று, இங்கே ரஸ்தாக்கள் கைக்கு.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாமா 'நான்' என்று சொல்லும் இடத்திலும் 'நாம்' என்று சொல்லும் இடத்திலும் "ஐ அண்ட் ஐ" என்கிறார். நானும் நானும். ஜமைக்கப் பேச்சு மொழியில் 'நான் போனேன்' என்பதற்கும் 'மீ' என்றுதான் வரும். ஆங்கில இலக்கணத்தில் அது செயப்படுபொருளின் சொல். எப்போதும் யாரோ ஒருவரால் ஏதோ செய்யப்படுகிறவனின் சொல் நமக்கு வேண்டாம் என்று ரஸ்தாக்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். எனக்குள் இருப்பவரும் உனக்குள் இருப்பவரும் ஒருவரே, அதனால் நீயும் ஒரு 'நான்'. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் நம்ம 'நாம்' இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். இன்னொன்று: புரிந்துகொள்வதற்கான ஆங்கிலச் சொல்லில் 'அண்டர்', அதாவது 'கீழே' இருக்கிறதல்லவா? அறிவு வந்தவன் ஏன் கீழே நிற்க வேண்டும் என்று அதை ஓவர்ஸ்டாண்ட் ஆக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம் எட்டாத மக்கள் தங்களை ஆண்டவர்களின் மொழியை எடுத்துத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

மாலையில் ஆன்ட்டிக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனோம். அவர்கள் 1968-இல் வெர்னன் கேரிங்டன் தொடங்கிய 'இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்கள்' பிரிவு. தினம் பைபிளில் ஓர் அதிகாரம் படிக்க வேண்டும். பிறந்த மாதத்தை வைத்துக் கோத்திரம். பிப்ரவரியில் பிறந்த பாப் மார்லி யோசேப்பின் கோத்திரம். அந்த வீட்டுப் பெண் ஜீன்ஸ் போட்டிருந்தாள், முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், கோழியும் சமைத்திருந்தாள். ஆனாலும் ரஸ்தாதான். திரும்பும்போது மாமா, "என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு" என்று யோவானைச் சொல்லிச் சிரித்தார். ரஸ்தாக்கள் தங்கள் பிரிவுகளை மாளிகைகள் என்று சொல்வதும், ஆங்கிலத்தில் 'மேன்ஷன்ஸ்' என்று வரும் அந்த வசனத்தை வைத்துத்தான்.

நாள் 3, வெள்ளி: புல் பே, போபோ மலை

கிங்ஸ்டனுக்குக் கிழக்கே கடலோரமாகப் போய், புல் பேயில் மலைமேல் திரும்பும் கரடுமுரடான பாதையில் ஏறினால் போபோ அஷாந்தி என்ற ரஸ்தாப் பிரிவினரின் குடியிருப்பு. சிவப்பு, பொன், பச்சை வண்ணம் அடித்த வேலி. வாசலில் ஓர் இளைஞர், வெள்ளை அங்கி, தலையில் இறுக்கிக் கட்டிய தலைப்பாகை. எங்கள் பெயர் கேட்டார், வணங்கினார். தோழியும் நானும் நீளப் பாவாடை கட்டி, தலையைத் துணியால் மூடியிருந்தோம். அப்புறம், கொஞ்சமும் கூச்சப்படாமல், "மாதவிலக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றோம். விட்டார்கள். விலக்கு நாள் என்றால் உள்ளே போக முடியாது. இங்கே வாழும் பெண்கள் அந்த நாட்களில் தனி வீட்டில் இருக்கிறார்கள்.

1958-இல் கிங்ஸ்டனில் பெரிய ரஸ்தா மாநாட்டைக் கூட்டிய இளவரசர் இமானுவல் சார்ல்ஸ் எட்வர்ட்ஸ்தான் இந்தப் பிரிவை அமைத்தவர். 1994-இல் மறைந்தார். செலாசி அரசர், கார்வி தீர்க்கதரிசி, இமானுவல் ஆசாரியர் என்று இவர்களுக்கு ஒரு திரித்துவம். ஒரு நாளில் குறித்த நேரங்களில் கிழக்கு நோக்கித் தொழுகை. வெள்ளி மாலை சூரியன் சாய்ந்ததிலிருந்து சனி மாலை வரை ஓய்வுநாள், வேலையே இல்லை. ஓலையில் துடைப்பம் கட்டி நகரத்தில் விற்பது இவர்களின் அடையாளத் தொழில். பழைய ஏற்பாட்டின் பாளயம் ஒன்று கரீபியன் மலைமேல் இறங்கினாற்போல இருக்கிறது எல்லாம்.

அங்கே என் வயதுப் பெண் ஒருவர் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் அந்தத் தனி வீட்டைப் பற்றிக் கேட்டேன். "அந்த நாட்களில் நான் சமைப்பதில்லை, துவைப்பதில்லை, யாரும் என்னை எதற்கும் கூப்பிடுவதில்லை. அது எனக்கு ஓய்வு" என்றார். அவருக்கு அது உண்மையாக இருக்கலாம். நான் கும்பகோணத்தில் பாட்டி வீட்டுக் கொல்லைத் திண்ணையில் மூன்று நாள் தனித் தட்டோடு உட்கார வைக்கப்பட்டவள். பன்னிரண்டு வயதில் அங்கே அழுதது இன்னும் மறக்கவில்லை. ஓய்வு வேண்டுமானால் மாதம் முழுவதும் யாரும் கொடுக்கலாம், அதற்கு வாசலில் கேள்வி கேட்க வேண்டியதில்லை என்று அவரிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஒரு கைப்பிடி கடலையை என் கையில் வைத்தார்.

இறங்கும்போது தோழி ஒன்று சொன்னாள். இந்த விதிக்கு லேவியராகமம் 15-ஐக் காட்டுவார்கள், சரி. ஆனால் ஜமைக்கக் கிராமங்களில் அதற்கு முன்பே ஒரு பயம் உண்டு: அந்த நாட்களில் சமைக்கும் பெண் சோற்றில் எதையாவது கலந்து ஆணைக் 'கட்டிப்போட்டு' விடுவாள் என்று. நம்மூரில் 'மருந்து வைத்துவிட்டாள்' என்பார்களே, அதேதான். ஊர் வசனத்தைத் தேடிப் போயிருக்கிறது, வசனம் ஊருக்கு வரவில்லை. எகிப்திலிருந்து விடுதலையைப் பாடுகிற ஒரு மதம் பெண்கள் விஷயத்தில் மட்டும் பழைய வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பது எனக்கு வலிக்கிறது. பல ரஸ்தாப் பெண்களும் இதைக் கேள்வி கேட்டு வாதாடி வருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சூரியன் சாயும் முன் கீழே வந்துவிட்டோம்.

நாள் 4, சனி: ஓல்ட் ஹார்பர் பே, பினக்கிள்

ஓல்ட் ஹார்பர் பே ஒரு மீன்பிடி ஊர். படகுகள், ஐஸ் பெட்டிகள், பொரித்த மீன் வாசனை. 1845 மே 10 அன்று பிளன்டெல் என்ற கப்பல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை இங்கேதான் இறக்கியது. அடுத்த எழுபது ஆண்டுகளில் 36,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜமைக்கா வந்தார்கள். அதிகம் பேர் வட இந்தியக் கிராமத்தவர்கள். கறியும் ரொட்டியும் அவர்களோடு வந்தன. கஞ்சா என்ற சொல்லும் அவர்களோடு வந்ததுதான், நாம் சொல்கிற அதே சொல். ரஸ்தாக்கள் புனிதமாகப் பிடிக்கும் புகைக்குழாய்க்குச் சாலிஸ் என்று வேதாகமப் பெயர் இருந்தாலும், தண்ணீர் வழியே இழுக்கும் அந்த அமைப்பைப் பார்த்தால் நம்ம ஹூக்காவும் சில்லமும்தான் நினைவுக்கு வரும்.

அங்கிருந்து ஸ்லைகோவில் அருகே பினக்கிள் மலைக்கு. 1933-இல் ஹைலி செலாசியைக் கடவுள் என்று பிரசங்கம் செய்யத் தொடங்கிய லியனார்ட் ஹவல், பேரரசரின் படத்தை மக்களிடம் விற்றார், கைதும் ஆனார். 1934-இல் ராஜத்துரோகக் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு சிறை. 1940-இல் இந்த மலையில் நிலம் வாங்கி ஒரு சமூகத்தையே குடியேற்றினார். கிழங்கு பயிரிட்டார்கள், கரி சுட்டார்கள், சொந்தமாக ரொட்டிக்கடை வைத்தார்கள். கஞ்சாவும் பயிரிட்டார்கள். 1941-இலும் 1954-இலும் காவல்துறை பெரும் சோதனைகள் நடத்தியது. சிதறியவர்கள் கிங்ஸ்டன் சேரிகளுக்குப் போனார்கள். அழிக்க நினைத்தது நகரம் முழுக்க விதையாகிவிட்டது. இன்று மேலே நின்றால் கீழே சமவெளி முழுக்கத் தெரிகிறது. ஓரிரு இடிந்த சுவர்கள், காட்டுச் செடிகள், காற்று.

ஹவல் தன் புத்தகத்தை எந்தப் பெயரில் வெளியிட்டார் தெரியுமா? ஜி. ஜி. மராக். கங்குன்குரு மராக் என்பதன் சுருக்கம் அது. 'குரு'வும் 'மகராஜு'ம் அதில் ஒலிப்பதை எந்த இந்தியக் காதும் தவறவிடாது. தோட்டங்களில் இந்தியக் கூலிகளோடு பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்தவர்களின் ஊர் இது.

சடையும் சாதுக்களிடமிருந்து வந்தது என்று மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் இருந்த இந்திய ஆய்வாளர் தம்பதி எழுதியிருக்கிறார்கள். கேட்க நமக்கு இனிக்கும். ஆனால் நான் அதை முழுசாக ஏற்கவில்லை. சடை பரவலானது 1940-களின் கடைசியில் 'யூத் பிளாக் ஃபெய்த்' என்ற இளைஞர் குழு எழுந்த பிறகுதான். அவர்கள் காட்டியது எண்ணாகமம் 6-இல் உள்ள நசரேய விரதம்: தலைமேல் சவரகன் கத்தி படலாகாது. 1950-களில் கென்யாவின் சடைமுடி மௌ மௌ போராளிகளின் படங்களும் அதற்கு வலு சேர்த்தன என்கிறார்கள். எல்லாவற்றையும் விட, 'வாரி முடித்தால்தான் மனுஷி' என்று சுருட்டை முடிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தில் சீப்பைத் தூக்கிப் போடுவது என்ன அர்த்தம் என்று யோசித்தாலே போதும். கஞ்சாவிலும் பெயரிலும் நமக்குப் பங்கு உண்டு. சடை அவர்களுடையது.

மாமா மலைமேல் சாலிஸ் பற்றவைத்தார், முதலில் ஒரு சங்கீதம் சொல்லிவிட்டு. 2015-இல் சட்டம் திருத்தப்பட்டு, ரஸ்தாக்கள் வழிபாட்டுக்காகப் பயன்படுத்துவது அனுமதிக்கப்பட்டது. "ஐம்பது வருடம் இதற்காக ஓடினேன். இப்போது உட்கார்ந்து பிடிக்கிறேன்" என்றார். நான் பிடிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

நாள் 5, ஞாயிறு, ஏப்ரல் 21: ஸ்காட்ஸ் பாஸ்

கிளாரண்டன் பாரிஷில் இருக்கும் ஸ்காட்ஸ் பாஸ்தான் நயாபிங்கி பிரிவின் மையம். வட்டமான, சுவரில்லாத கூடாரம். வெளியே பெரிய கட்டைகளை அடுக்கி எரியவிட்ட நெருப்பு, அதை அணையவிடாமல் பார்த்துக்கொள்ள ஆட்கள். பெண்கள் தலையை மூடியிருக்கிறார்கள், ஆண்கள் உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றிச் சடையை அவிழ்த்துவிடுகிறார்கள். மாமாவின் சடையை முழுசாக அப்போதுதான் பார்த்தேன்.

மூன்று முரசுகள். பெரியது பேஸ், துணி சுற்றிய கோலால் அடிப்பது, அடி வயிற்றில் விழுகிறது. நடுவில் ஃபுண்டே, இதயம் துடிப்பதுபோல இரண்டிரண்டாக, விடாமல், மாறாமல். மேலே கேட்டே, சின்னது, அது மட்டும்தான் பேசும், பாடும், சண்டை போடும். முதல் அரை மணி நேரம் கேட்டேயைத்தான் கவனித்தேன். அப்புறம் ஃபுண்டே என்னைப் பிடித்துக்கொண்டது. மணிக்கணக்காக அதே இரண்டு அடி. கை வலிக்காதா என்று தோன்றியது. ஓர் ஆள் எழுந்தால் அடி விழும் முன் இன்னொருவர் உட்கார்ந்துவிடுகிறார்.

இந்தத் தாளத்தின் பிறப்பைக் கேளுங்கள். கிளாரண்டன் தோட்டப் பகுதிகளிலும் மேற்குக் கிங்ஸ்டனிலும் புர்ரு என்று ஒரு முரசு மரபு இருந்தது. சிறையிலிருந்து விடுதலையாகி வருபவர்களைப் புர்ரு அடித்துத்தான் சேரி வரவேற்கும். புர்ருக்காரர்களுக்குத் தாளம் இருந்தது, தனி வழிபாடு இல்லை. ரஸ்தாக்களுக்கு வழிபாடு இருந்தது, சொந்தத் தாளம் இல்லை. கௌண்ட் ஆசி என்ற கலைஞர் புர்ரு ஆசான்களிடம் கற்று, வரேகா மலையில் தன் முற்றத்தில் இரண்டையும் சேர்த்தார். நயாபிங்கி என்ற பெயர் கிழக்கு ஆப்பிரிக்காவுடையது. அதுவும் 1935-இல், எத்தியோப்பியா மேல் படையெடுத்த இத்தாலிக்கு ஆதரவான பொய்ச் செய்தி ஒன்று பத்திரிகையில் வந்து பயமுறுத்தியதால் இங்கே தெரியவந்தது. பயமுறுத்த எழுதிய பெயரையே எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள்.

நடுராத்திரிக்குப் பிறகு ஒரு பாட்டு. தோழி என் கையைப் பிடித்து நசுக்கினாள். "இது எங்கள் பாட்டி பாடுவது. சபைப் பாட்டு." மெட்டு அப்படியே இருக்கிறது. வேகத்தைக் குறைத்து, முரசின் மேல் வைத்து, இயேசுவின் பெயர் வரும் இடத்தில் 'ஜா ரஸ்தாஃபாரி' என்று மாற்றியிருக்கிறார்கள், 'பரலோகம்' வரும் இடத்தில் 'சீயோன்'. இங்கே பாடப்படுவதில் பல இப்படிப் பழைய கீர்த்தனைப் புத்தகத்துப் பாட்டுகள்தானாம். 'ஜா' என்பதே ஆங்கில வேதாகமத்தின் 68-ஆம் சங்கீதத்தில் வரும் பெயர். தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'யேகோவா' என்று இருக்கிறது. நம்மூரில் இந்த மதம் பிறந்திருந்தால் அந்த ஓரெழுத்து முழக்கமே இருந்திருக்காது என்று நினைத்தேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார், தன் தாயின் மெட்டில்.

நாள் 6, திங்கள்: கோரல் கார்டன்ஸ், மறுபடி கிங்ஸ்டன்

தூக்கமில்லாமல் வடமேற்கே மான்டிகோ பே பக்கம். கோரல் கார்டன்ஸில் இப்போது சாலையின் இரு பக்கமும் விடுதிகள், நீல நீச்சல் குளங்கள். 1963-இல், பெரிய வெள்ளிக்கு முந்தைய நாள், நிலப் பாதைத் தகராறு ஒன்று முற்றி, எட்டுப் பேர் இறந்தார்கள். அதில் இரண்டு காவலர்களும் மூன்று ரஸ்தாக்களும் உண்டு. அதைச் சாக்கிட்டு, சம்பந்தமே இல்லாத ரஸ்தாக்களைச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பிடித்து அடித்தார்கள், சிறையில் தள்ளினார்கள், சடையை அறுத்தார்கள். 2017-இல்தான் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் அரசின் சார்பில் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

மாமாவின் குடும்பம் அப்போது இந்தப் பக்கத்தில் இருந்தது. அவருக்குப் பதினைந்து வயது. அந்தக் காலத்தில் பிள்ளைகளைப் பயமுறுத்த 'பிளாக்ஹார்ட் மேன் வருகிறான்' என்பார்கள், நம்ம பிள்ளைபிடிக்கிறவன் மாதிரி. சடைக்கார ரஸ்தாதான் அந்தப் பிள்ளைபிடிக்கிறவன். மாமாவின் தாயும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தார். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி, பக்கத்துத் தோட்டத்தில் கிழங்கு போடும் ஒரு ரஸ்தா கொல்லைக் கதவைத் தட்டினார். சபைக்குப் போகும் அந்த அம்மா அவரைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்து, மேலே பிள்ளைகளைப் படுக்க வைத்து, விளக்கை அணைத்தார். "இரண்டு நாள் இருந்தார். நாங்கள் கொடுத்ததில் உப்பு இருந்ததால் சாப்பிடவில்லை. அம்மா மூன்றாம் வேளைக்குத் தனியாக உப்பில்லாமல் ஒரு சட்டி வைத்தாள்" என்றார் மாமா. வேறெதுவும் சொல்லவில்லை. வண்டியை எடுத்தார்.

இப்போது கிங்ஸ்டன், இரவு பத்து மணி. நாளைக் காலை விமானம். ஆன்ட்டி கடைசிச் சாப்பாட்டுக்குக் கலலூவும் துவரைச் சோறும் செய்துகொண்டிருக்கிறார். தம்பி ரஸ்தாவானபோது மாதக்கணக்கில் அழுதேன், சபையில் பேரைச் சொல்லி ஜெபிக்கச் சொன்னேன் என்று கிண்டிக்கொண்டே சொன்னார். இன்றைக்கும் ஞாயிறுதோறும் ஜெபிக்கிறாராம். பானை கொதித்தது. ஆன்ட்டி ஒரு திருவோட்டை எடுத்தார், அதில் இரண்டு கரண்டி சோறும் கீரையும் எடுத்து மூடி வைத்தார். அப்புறம்தான் உப்பு டப்பாவைத் திறந்தார்.